நீர்வேரும் மண்வேரும்

மீன்தொட்டியோடு இணைத்து வளர்த்த துளசியையோ தக்காளியையோ மண்தொட்டிக்கு மாற்றுவோர் பலரும் காணும் காட்சி ஒன்று உண்டு. தண்ணீரில் தளதளவென்று நின்ற செடி, நன்றாக நனைத்த மண்ணில் நட்ட மறுநாளே தலை சாய்ந்து துவண்டுவிடுகிறது. மண்ணில் ஈரம் இருக்கிறது, வேரும் அறுபடவில்லை, எனினும் செடி தாகத்தால் வாடுகிறது. நட்டவரின் கைராசியைக் குறைசொல்லி அச்செடியைப் பிடுங்கி எறிந்துவிடுவது வழக்கமாக இருப்பதால், நீரில் வளர்ந்த வேரின் உடலமைப்பே வேறு என்ற, தாவரவியலின் மிகச் சுவையான செய்திகளுள் ஒன்று கவனிக்கப்படாமலே போய்விடுகிறது.

மீன்வளர்ப்பையும் மண்ணில்லாப் பயிர்வளர்ப்பையும் ஒரே நீர்ச்சுற்றில் பிணைக்கும் முறைக்கு அக்வாபோனிக்ஸ் என்று பெயர். மெக்சிகோவின் ஏரிகளில் அஸ்டெக் மக்கள் அமைத்த சினாம்பா தோட்டங்களை இதன் முன்னோடியாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் அவை நீர்நிலையின் அடிச்சேற்றை அள்ளிப் போட்டு உயர்த்திய மண்பாத்திகளே ஆதலால், இன்றைய முறையின் தொடக்கத்தை 1980களில் தேடுவதே பொருத்தம். அக்காலத்தில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மக்மர்ட்ரி மணற்பாத்திகளைக் கொண்டும், கரிபியக் கடலின் செயின்ட் குரோய் தீவில் வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ராக்கோசி நீரில் மிதக்கும் பலகைகளைக் கொண்டும் இதை அளவுகளோடு கூடிய ஒரு தொழில்நுட்பமாக வளர்த்தெடுத்தனர். ஒரு சதுர மீட்டர் பயிர்ப்பரப்புக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் மீன்தீவனம் என்பது ராக்கோசியின் மிதவை முறைக்கு உரிய கணக்கு. எத்தனை மீன்கள் இருக்கின்றன என்பதைவிட அவை எவ்வளவு உண்கின்றன என்பதே செடிக்குக் கிடைக்கும் உணவைத் தீர்மானிக்கிறது என்பது இதன் உட்பொருள்.

மீன் தன் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மீனுக்கே நஞ்சாகும் அந்த அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறொருவகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டைச் செடி விரும்பி உண்ணும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டையொட்டி இந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்த காலந்தொட்டு, இது இரண்டு கூட்டத்தார் பங்கிட்டுச் செய்யும் வேலை என்றே அறிவியல் கருதி வந்தது. நைட்ரோஸ்பைரா இனத்தைச் சேர்ந்த சில நுண்ணுயிர்கள் இரண்டு படிகளையும் தனியாகவே செய்து முடிக்கின்றன என்பது 2015இல்தான் வெளிப்பட்டது. அதைக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்றுக்கான நுண்ணுயிர், மீன்பண்ணை ஒன்றின் நீர்வடிகட்டியிலிருந்தே கிடைத்தது. இந்நுண்ணுயிர்கள் பயிர்ப்பாத்தியில் நிரப்பிய கூழாங்கற்களின் மேல் வழவழப்பான படலமாகப் படிந்து பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். குளிர்காலத்தில் புது மாவு புளிப்பதற்குப் பழைய மாவில் ஒரு கரண்டி சேர்ப்பதைப் போல, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சையோ கூழாங்கற்களில் ஒரு கைப்பிடியையோ இட்டு அக்காலத்தைக் குறைக்கலாம். தொட்டி வாங்கிய அன்றே அதை மீன்களால் நிரப்பி, அவை ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கியதும் முறையையே பழிப்பது, ஓர் உயிரை உரம் தரும் கருவியாக மட்டும் பார்க்கும் மனப்போக்கின் விளைவு. மீனைப் பேணத் தெரியாதவருக்கு இந்த முறையில் கீரையும் வாய்க்காது.

இனி வேருக்கு வரலாம். மண்ணில் வளரும் வேரின் நுனிக்குச் சற்றுப் பின்னால், பொடியாகத் தூவிய வெண்பஞ்சு போல ஒரு பகுதி தெரியும். வேரின் புறத்தோல் செல்கள் பல பக்கவாட்டில் நீண்டு உண்டாக்கும் அந்த நுண்குழல்களே வேர்த்தூவிகள். ஒன்றின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குதான். மண்துகள்களைச் சுற்றி மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும் நீரை, தடித்த வேர் நுழைய முடியாத இடுக்குகளில் புகுந்து உறிஞ்சுபவை இவையே. மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ் மண்ணில் மிக மெதுவாகவே நகர்வதால், வேர் தன்னைச் சுற்றியுள்ள சத்தை விரைவில் தீர்த்துவிடுகிறது. அதற்கு அப்பாலும் கை நீட்டுவதற்குத் தூவிகளே துணை. ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை செடியின், அதாவது ஒரு குளிர்நாட்டுத் தானியப் பயிரின், வேர்களை அளந்து 1937இல் வெளியிட்ட கணக்கில், அச்செடிக்கு ஏறத்தாழ 1,400 கோடி வேர்த்தூவிகள் இருந்தன. அவற்றை நுனியோடு நுனி சேர்த்தால் 10,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும். ஒரு சிறு மரப்பெட்டி மண்ணுக்குள் இத்தனையும் அடங்கியிருந்தன என்பதை எண்ணிப் பார்க்கும்போது, செடியின் பெரும்பகுதி நம் கண்ணுக்கே படுவதில்லை என்பது விளங்குகிறது.

சத்து கரைந்த நீர் நாள் முழுதும் தானே வந்து தழுவிச் செல்லும் இடத்தில் வேருக்கு இத்தனை முயற்சி தேவைப்படுவதில்லை. ஆகவே பல செடிகள் நீரில் தூவிகளை மிகக் குறைவாகவே உண்டாக்குகின்றன, சில அறவே விட்டுவிடுகின்றன. நீரில் உயிர்வளி குறைந்தால், வேரின் உட்புறச் செல்கள் சில தாமே அழிந்து இடம்விட்டு, காற்று உலவும் நெடிய அறைகளைத் தோற்றுவிப்பதும் உண்டு. காற்றறைத் திசு என்று இதற்குப் பெயர். நெற்பயிர் சேற்றில் மூச்சுமுட்டாமல் நிற்பது இத்திசுவின் உதவியால்தான். மேலும், நீரின் மிதப்பாற்றலே தாங்கிப் பிடிப்பதால், மண்துகளை விலக்கிக்கொண்டு முன்னேறும் உறுதி நீர்வேருக்கு அமைவதில்லை. வெளியே எடுத்த கணமே நனைந்த கூந்தலைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அது, சற்று வளைத்தாலும் ஒடிந்துவிடும். இத்தகைய வேரை மண்ணுக்குள் வைக்கும்போது, இலைகள் முன்போலவே நீரைச் செலவிட்டுக்கொண்டிருக்க, வேரோ துகள்களின் ஈரத்தைத் தொடும் கைகள் இல்லாமல் நிற்கிறது. பழைய வேரில் தூவிகள் புதிதாக முளைப்பதில்லை. செடி புதிய வேர்நுனிகளை நீட்டி, அவற்றில் தூவிகளை உண்டாக்கிக்கொண்டாக வேண்டும். எனவே இடமாற்றம் என்று சொல்லப்படுவது உண்மையில் இரண்டாவது வேர்த்தொகுதி ஒன்றைக் கட்டி முடிக்கும் வேலையாகும். நடவுக்குப் பின் மஞ்சளித்து நிற்கும் நெல்நாற்று பச்சை பிடிக்கும்வரை உழவர் பொறுத்திருப்பதன் பொருளும் இதுவே.

இந்த இடைக்காலத்தைச் செடிக்கு எளிதாக்குவதே நடுபவரின் கடமை. வேர் இரண்டு அல்லது மூன்று அங்குலம் நீளும் முன்பே மாற்றிவிடுவது நல்லது. கூழாங்கல்லில் வேர் பின்னிக்கொண்டிருந்தால் கல்லை உரித்தெடுக்காமல் அதனோடு சேர்த்தே நடலாம். தென்னைநார்க் கழிவும் மணலும் நன்கு மக்கிய உரமும் கலந்த பொலபொலப்பான மண்ணே ஏற்றது. வெயில் தாழ்ந்தபின், நடவிருக்கும் தொட்டியின் அடித்துளையை அடைத்து நீரூற்றி அதில் வேரைத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு, மண்ணைச் சிறிதுசிறிதாகத் தூவி நிரப்பினால், வேர்கள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்த நிலையிலேயே மண்ணில் அமையும். அதன்பின் மிகுநீரை அடித்துளை வழியே வடியவிட வேண்டும், மண்ணைக் கையால் அழுத்தக் கூடாது. அடியிலைகள் சிலவற்றைக் கிள்ளிவிட்டு, ஏறத்தாழ பத்து நாள் நிழலில் வைத்து, ஈரத்தைப் படிப்படியாகக் குறைத்துவர வேண்டும். தண்டிலிருந்தே வேர்விடும் இயல்புடைய தக்காளியை ஆழமாக நடலாம். நீரிலும் நிலத்திலும் வாழப் பழகிய வள்ளைக்கீரைக்கும் பொன்னாங்கண்ணிக்கும் இத்தனை கவனம் தேவைப்படாது.

துவண்ட செடிக்கு இரக்கத்தோடு மேன்மேலும் தண்ணீர் ஊற்றுவதே பெருந்தவறு. ஒரு லிட்டர் காற்றில் 250 மில்லிகிராமுக்கு மேல் உயிர்வளி இருக்க, 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமே கரைந்திருக்க முடியும். மீன்தொட்டியில் காற்றுக்குழாய் ஈடுகட்டிய அக்குறையை, நீர் தேங்கி நிற்கும் மண்ணில் ஈடுகட்ட எதுவும் இல்லை. தாகத்தால் வாடிய செடி இவ்வாறு மூச்சுமுட்டி அழுகி இறக்கிறது.

இந்த வளர்ப்பு சலித்துப்போனபின் தொட்டியிலுள்ள மீன்களை அருகிலுள்ள ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடுவது இதைவிடப் பெரிய தவறாகும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, ஜிலேபிக் கெண்டை என்ற பெயரோடு நம் நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டது. ஏரிகள் இன்னொரு முறை அந்த இழப்பைத் தாங்கவேண்டியதில்லை. மீன்களை, அவற்றை வளர்க்கும் வேறொருவரிடம் கொடுக்கலாம். தொட்டியின் அடியில் படியும் கசடை மட்டும் வைத்துக்கொண்டு, மண்ணுக்கு மாறிய செடியில் முதல் புதுத்தளிர் தோன்றியபின், நீரில் கரைத்து வேரடியிலிருந்து சற்றுத் தள்ளி ஊற்றலாம்.