அழற்சியும் குருத்துக் கலங்களும்

மாணவர்களே, “ஸ்டெம் செல் ஊசி ஏற்றினால் பழுதடைந்த அங்கம் புதிதாக வளரும்” என்ற விளம்பரங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அழற்சி நோய்களில் இக்கலங்கள் உண்மையில் செய்வது என்ன என்பதை நோக்குவோம்.

1. அழற்சி
கிருமி புகுந்த அல்லது காயமடைந்த இழையத்தில் குருதிக் கலன்கள் விரிவடையும். வெண்குழியங்கள் அங்கு திரளும். சிவத்தல், சூடு, வீக்கம், வலி ஆகியன இதன் அறிகுறிகள். இது உடலின் பாதுகாப்புச் செயல். அளவு மீறினால் சொந்த இழையமே சிதைவடையும்.

2. குருத்துக் கலம்
தானும் பெருகி, வேறு வகைக் கலங்களாகவும் வியத்தமடையக்கூடிய கலமே குருத்துக் கலம் எனப்படும். என்புமச்சையில் இரு வகைகள் உண்டு.
அ) குருதிக் குழியங்களை ஆக்குபவை
ஆ) என்பு, கசியிழையம், கொழுப்பு என்பவற்றை ஆக்கக்கூடிய மீசன்கைமல் குருத்துக் கலங்கள்

3. அழற்சியைத் தணிக்கும் விதம்
இரண்டாம் வகைக் கலங்கள் அழற்சியுள்ள இடத்தின் இரசாயனச் சைகைகளை உணர்ந்து சில பதார்த்தங்களைச் சுரக்கும். அவை தாக்கும் வெண்குழியங்களை அடக்கி, பழுதுபார்க்கும் வெண்குழியங்களைத் தூண்டும். ஊசியால் ஏற்றிய கலங்களிற் பெரும்பாலானவை சில நாட்களில் மறைந்துவிடும். ஆகவே, 1991இல் இப்பெயரைப் பரப்பிய அமெரிக்க விஞ்ஞானி ஆர்னோல்ட் கப்லனே 2017இல் ‘குருத்துக் கலம்’ என்ற பெயரை மாற்றுமாறு கேட்டார்.

4. சிகிச்சை
நமது மாளிகாவத்தைச் சிறுநீரக வைத்தியசாலையில் ஒருவருக்குப் பொருத்தப்படும் சிறுநீரகத்தை, அவரது உடல் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்க முயலும். என்புமச்சை மாற்றத்தில் இதற்கு எதிர்மாறாகவும் நிகழலாம்: வழங்கியவரின் வெண்குழியங்கள் நோயாளியின் தோல், குடல், ஈரலைத் தாக்கும். ஸ்டீரொயிட் மருந்துக்கு இணங்காத இந்நோயுள்ள 54 சிறுவர்களுக்கு மீசன்கைமல் கலங்கள் ஏற்றப்பட்டன. 28ஆம் நாளில் 70 சதவீதமானோரிடம் முன்னேற்றம் காணப்பட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்கா இதை அங்கீகரித்தது.

முழங்கால் மூட்டு நோயில் நிலைமை வேறு. பெங்களூர் நிறுவனமொன்றின் கல மருந்துக்கு இந்தியா 2022இல் அனுமதி வழங்கியது. ஆயினும் 2023இல் வெளியான, 475 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், ஓராண்டின் பின் கலச் சிகிச்சை சாதாரண ஸ்டீரொயிட் ஊசியை விடச் சிறந்ததாக அமையவில்லை.

நினைவிற் கொள்க: ஒரு நோய்க்குப் பயன்பட்டது எல்லா நோய்க்கும் பயன்படும் எனக் கொள்ளலாகாது.

மாதிரி வினா
உங்கள் பாட்டியின் முழங்கால் வலிக்கு, பெருந்தொகை பெற்று ‘ஸ்டெம் செல்’ ஊசி ஏற்ற ஒருவர் முன்வருகிறார். சம்மதிக்கும் முன் அவரிடம் கேட்கவேண்டிய இரு வினாக்களை எழுதுக.

விடைக் குறிப்பு: இந்நோய்க்கு இது அங்கீகரிக்கப்பட்டதா? வழமையான சிகிச்சையுடன் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டதா?