கேமராவை அணைத்த மாணவர் வகுப்பில் இருக்கிறாரா?

கொரோனாவால் பாடங்கள் இணையத்துக்கு மாறியிருந்த காலம். தமிழகத்தில் சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தரப்படும் என்று 2021 ஜனவரியில் அரசு அறிவித்தது. டேட்டாவுக்கு வழி பிறந்தது. ஆனால் “புரியுதா?” என்று பேராசிரியர் கேட்டால், திரையில் வரிசை கட்டி நின்ற கறுப்புக் கட்டங்கள் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்தைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒற்றை அறை வீட்டில் கேமராவை இயக்கக் கூச்சம். பக்கத்து பெஞ்சுத் தோழியிடம் கிசுகிசுப்பாகக் கேட்கும் சந்தேகத்தை, இங்கே வகுப்பு முழுவதன் காதிலும் விழும்படி கேட்க வேண்டும்.

வீடியோ தரமாக இருந்தால் மட்டும் போதுமா? ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய திறந்தநிலை இணையப் படிப்புகளில் 2017-18இல் சேர்ந்தவர்களில் 3.13 சதவீதம் பேர்தான் படிப்பை முடித்தார்கள். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு என்றாலும், யோசிக்க வைக்கும் எண் இது.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000ஆம் ஆண்டில், வேறு என்ன வேண்டும் என்பதற்கு ஒரு சட்டகம் வகுத்தார்கள். இணையவழிக் கல்வியில் மூன்று வகை ‘இருப்பு’ வேண்டும் என்றார்கள்: பாடத்தில் மனம் ஊன்றும் சிந்தனை, வழிநடத்தும் ஆசிரியர், தன்னைத் தானாகக் காட்டிக்கொள்ள இடம் தரும் சக மாணவர்கள்.

இணையம் வருவதற்கு முன்பே இதை உணர்ந்திருந்தது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1971இல் பாடம் தொடங்கியபோது தொலைக்காட்சி, வானொலியை மட்டும் அது நம்பவில்லை. விடைத்தாளைத் திருத்திக் கைப்படக் குறிப்பெழுதி அனுப்பும் பயிற்றுநர்களும், மாணவர்கள் நேரில் கூடும் கோடைகால முகாம்களும் இருந்தன.

சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் பிஎஸ் படிப்பிலும் இதே அக்கறையைப் பார்க்கலாம். பாடம் இணையத்தில், வாரந்தோறும் பயிற்சிக் கணக்குகள், தேர்வு மட்டும் மையத்தில், நேரில். பிச்சாவரம், நீலகிரி, பந்திப்பூர் என்று காடுகளின் பெயர் சூட்டிய ‘ஹவுஸ்’களில் மாணவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். ‘பாரடாக்ஸ்’ விழாவுக்கு ஐஐடி வளாகத்துக்கே வருகிறார்கள். அதுவரை திரையில் வெறும் பெயராக இருந்தவர் அங்கே நண்பராகிறார்.

இத்தனை ஏற்பாடு இல்லாத கல்லூரி ஆசிரியர் என்ன செய்யலாம்? இணையப் படிப்புத் தளமான எட்எக்ஸில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட தரவை அலசிய 2014ஆம் ஆண்டு ஆய்வு, மாணவர்கள் ஒரு வீடியோவைப் பார்க்கும் நேரம் பெரும்பாலும் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டது. ஸ்டூடியோ பளபளப்பைவிட, மேசை முன் அமர்ந்து இயல்பாகப் பேசிய ஆசிரியர்களே மாணவர்களை அதிகம் ஈர்த்தார்கள். ஆக, பாடத்தைத் துண்டுகளாக்கலாம். இடையிடையே, சாட்டில் ஒரே சொல்லில் பதில் எழுதக்கூடிய கேள்வி கேட்கலாம். எழுதியவரின் பெயரைச் சொல்லி அந்தப் பதிலைப் படிக்கலாம். கேமராவைக் கட்டாயமாக்காமல் விடலாம்.

வருகைப் பதிவேட்டையும் திறந்து பார்க்கலாம். இரண்டு வாரமாகத் தலைகாட்டாத மாணவிக்கு ஒரு குறுஞ்செய்தி: “என்னம்மா, ஆளையே காணோம்? வீட்டில் எல்லாரும் நலம்தானே?”