பெட்டிக்குள் தொலைகிற ழகரம்

திண்டுக்கல் சமவெளியில் ரேடியோவைத் திருகினால் கொடைக்கானல் பண்பலை 100.5 கணீரென்று கிடைக்கும். ஒலிபரப்புக் கோபுரம் மலைமேல் நிற்பதால் வந்த பாக்கியம் அது. அதில் ஓர் அறிவிப்பாளர் "சிறுமலை வாழைப்பழம்" என்று திருத்தமாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லகரம் ஒன்று, ழகரம் இரண்டு. வீட்டில் கைப்பட அசெம்பிள் செய்த பல ஸ்பீக்கர் பெட்டிகளில் அது "வாளப்பளம்" போலத்தான் வந்து விழும்.

பெட்டியைத் திறந்தால் காரணம் தெரிந்துவிடும். கீழே 8 அங்குல வூஃபர், மேலே சின்ன ட்வீட்டர், ட்வீட்டரின் காலில் 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. 8 ஓம் ட்வீட்டரோடு சேரும்போது அந்தக் கெப்பாசிட்டர் சுமார் 9,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைத்தான் தாராளமாக உள்ளே விடும். வூஃபரோ 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் திணறும். அந்த அதிர்வெண்ணில் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். 8 அங்குலக் கோனின் அசையும் பரப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு அகலம்தான். அதற்கு மேல் போகப் போக ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்க்கோட்டில் குவிந்துவிடும். பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்குப் பேச்சு மங்கும். ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறியும் அடையாளங்கள் பெரும்பாலும் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருப்பவை. நாகஸ்வரத்தின் கூர்மைக்கும் அங்கேதான் வீடு.

அந்த இடைவெளியை நிரப்பவே மிட்ரேஞ்ச் ஸ்பீக்கர் வந்தது. அதில் கோன் ஒரு ஜாதி, டோம் இன்னொரு ஜாதி. டோம் என்பது கவிழ்த்த கிண்ணம் போன்ற மெல்லிய துணி அல்லது உலோகம். கோனை நடுவிலுள்ள சிறிய காயில் (கம்பிச்சுருள்) தள்ளுகிறது. டோமின் காயிலோ விளிம்பு முழுவதையும் பற்றியிருக்கிறது. 75 மில்லிமீட்டர் டோம் என்றால் காயிலும் அதே அகலம். அதனால் சூட்டை நன்றாகத் தாங்கும், எடை குறைவு, ஒலியும் அறை முழுக்கப் பரவும். கோனின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டமான தூசி மூடியைக் காட்டி "இதுவும் டோம்தான்" என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

டோம் மிட்டின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. எட்கர் வில்ச்சரின் அகௌஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1958-இல் கொண்டுவந்த ஏ.ஆர்.-3 ஸ்பீக்கரில் மிட், ட்வீட்டர் இரண்டுமே டோம். 1974-இல் யமஹா, என்.எஸ்.-1000 மாடலில் 88 மில்லிமீட்டர் பெரிலியம் டோமை வைத்து 500 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை அதனிடமே ஒப்படைத்தது. பழைய ஜோடி கைக்கு வந்தால் அந்த டோமில் விரல் படக்கூடாது. உடைந்தால் பெரிலியம் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்கு வந்த பில்லி வுட்மன் தொடங்கிய ஏ.டி.சி. நிறுவனத்தின் 75 மில்லிமீட்டர் துணி டோம், எழுபதுகளில் பிறந்தது, இன்றும் ஸ்டூடியோக்களில் உழைக்கிறது. பெரும்பாலான டோம்களை விளிம்பு ஒன்றுதான் தாங்கும். இதற்கு இரண்டு தாங்கல்கள். அதனால் காயில் சாய்ந்து உரசும் ஆபத்து குறைவு. விலைதான் நம்மை மலைக்க வைக்கும்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் வாட்ஸைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: எவ்வளவு கீழே இறங்கும்? அதே சத்தத்தை 1,000 ஹெர்ட்ஸுக்குப் பதில் 500 ஹெர்ட்ஸில் எடுக்க டோம் நான்கு மடங்கு முன்னும் பின்னும் அசைய வேண்டும். டோமுக்கு அவ்வளவு ஓட்டம் கிடையாது. விவரத்தாளில் எஃப்.எஸ். என்று போட்டிருக்கும் ஒத்ததிர்வு எண்ணைப் பார்த்து, குறைந்தது அதன் இரண்டு மடங்கில் கிராஸ்ஓவரை, அதாவது வூஃபரும் டோமும் ஒலியைப் பங்கிடும் எல்லையை, வைப்பது பாதுகாப்பு. எஃப்.எஸ். 400 என்றால் 800 ஹெர்ட்ஸ். 50 மில்லிமீட்டர் டோம்கள் பொதுவாக இந்த வகை. 8 அங்குல வூஃபருக்கு நல்ல துணை. 10, 12 அங்குல வூஃபர் வைப்பவர்கள் 75 மில்லிமீட்டருக்குப் போவதே சரி, ஏனென்றால் பெரிய வூஃபரை 500 ஹெர்ட்ஸ் வாக்கிலேயே நிறுத்திவிடுவது நல்லது.

அடுத்தது டெசிபல், அதாவது ஒரே மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் எழும் என்பது. வூஃபர் 88 என்றால் டோம் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். கூடுதலை இரண்டு ரெசிஸ்டர் போட்டு அடக்கலாம்; குறைவை ஏற்ற வழியில்லை.

ஒற்றைக் கெப்பாசிட்டரை நம்பி டோமை இணைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. சரிவு போதாமல், கீழ்ச்சுருதியில் டோம் திணறிப் பிசிறும். 8 ஓம், 800 ஹெர்ட்ஸ் என்றால் ஏட்டுக் கணக்குப்படி 12 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெப்பாசிட்டர் தொடரிலும், 3.2 மில்லிஹென்ரி சுருள் டோமுக்கு இணையாகவும் வர வேண்டும். மேல் எல்லைக்கு இன்னொரு ஜோடி. பிறகு டோமின் பிளஸ், மைனஸை மாற்றிப் போட்டும் கேட்டுப் பார்த்து, குரல் நிறைவாக வரும் பக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி அடிக்கும் ஆசாரிக்கு டோம் ஒரு வேலையை மிச்சப்படுத்துகிறது. பெரும்பாலான டோம்களின் முதுகு மூடியே வருவதால் உள்ளே தனி அறை தடுக்க வேண்டாம். கோன் மிட் என்றால் வூஃபரின் காற்று அதை உள்ளிருந்து தள்ளாதபடி தனி அறை கட்டாயம். ஆனாலும் பட்ஜெட் சின்னதாக இருந்தால், நாலு அங்குலக் கோன் மிட்டே போதும். 300 ஹெர்ட்ஸ் வரை தைரியமாக இறங்கும், விலையும் மலிவு. மலிவான டோமைவிட நல்ல கோன் மேல்.

திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளை ஒட்டிய வீடுகளுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. துணி டோமின் மேல் பூசிய பசைப்பூச்சு லேசாகப் பிசுபிசுக்கும். பஞ்சுத்தூசி அதில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். துணியால் துடைத்தால் பூச்சு வந்துவிடும். மிருதுவான பிரஷ்ஷால் மெல்லத் தட்டிவிட வேண்டும். வலை மூடி போட்டுவிட்டால் பிள்ளைகளின் விரலிலிருந்தும் தப்பும்.

எல்லாம் முடிந்ததும், உட்கார்ந்தவரின் காது மட்டத்துக்கு டோம் வரும்படி பெட்டியை உயர்த்தி, பண்பலைச் செய்தியை வைத்து, நாற்காலியை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே கேட்கலாம். அறையின் ஓரம் வரை போனாலும் "வாழை", வாழையாகவே கேட்க வேண்டும்.