விடுப்பு இல்லாத தன்னார்வம்

கட்டற்ற மென்பொருளை எழுதிப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் அதற்காகச் சம்பளம் வாங்குவதில்லை. லினக்ஸ் கெர்னல் போன்ற பெரிய திட்டங்களில் நிறுவனங்கள் அமர்த்திய பொறியாளர்களின் கைதான் இன்று ஓங்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பெரிய திட்டங்களைச் சுற்றிச் சின்னச் சின்ன நிரல் நூலகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கோப்பைச் சுருக்குவதற்கு ஒன்று, எழுத்தைத் திரையில் வரைவதற்கு ஒன்று, தேதியைக் கணக்கிடுவதற்கு ஒன்று. வங்கிச் செயலியிலிருந்து ரயில் முன்பதிவு வரை எல்லாமே இப்படிப்பட்டவற்றின் மேல்தான் ஓடுகின்றன. இவற்றில் பலவற்றை ஒருவரோ இருவரோ அலுவலகம் முடிந்த பிறகு கவனித்துக்கொள்கிறார்கள். 2024-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், பதில் சொன்ன பராமரிப்பாளர்களில் 60 சதவீதம் பேர் இதைச் சம்பளமில்லாமல் செய்வதாகத் தெரிவித்தார்கள். விட்டுவிட்டதாகவோ, விட்டுவிடலாமா என்று யோசித்ததாகவோ சொன்னவர்களும் ஏறக்குறைய அதே அளவு.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நிரல் எழுதுவதே வேலை என்று தோன்றும். அது இந்த வேலையின் சிறிய, மகிழ்ச்சியான பகுதி. பெரும்பகுதி நேரம் வழு அறிக்கைகளில் போகிறது. ஆவணத்தை பிடிஎஃப் ஆக மாற்றினால் தமிழில் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் விழுகிறது என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, எந்த இயங்குதளம் என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது. கேட்டு எழுத வேண்டும். நான்கு நாள் கழித்துப் பாதி விவரம் வரும். அதே எழுத்துருவைத் தேடி இறக்கி, அதே பதிப்பை நிறுவி, அதே ஆவணத்தைத் தயாரித்துப் பார்த்தால் கொம்பு சரியான இடத்தில் நிற்கும். மீண்டும் கேள்வி, மீண்டும் காத்திருப்பு. கடைசியில் தவறு அந்த எழுத்துருவின் உள்ளேயே இருப்பது தெரியும். எழுத்துருவை உருவாக்கியவருக்கு விவரமாக எழுதி, முதலில் புகார் தந்தவருக்கும் பதில் எழுதினால் இரண்டு இரவுகள் முடிந்திருக்கும். இத்தனைக்கும் தன் திட்டத்தில் ஒரு வரி நிரல்கூட மாறியிருக்காது.

இந்த இரவுகள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் குடும்பத்தைத் தொடும் கேள்வி. பகல் அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. மாலை, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் பெரியவர்களின் மருந்து வேளைக்கும் போகிறது. மிச்சம் இருப்பது இரவு மட்டும். இந்தியாவில் இருப்பவருக்குக் கடிகாரமும் எதிராக நிற்கிறது. பல நாடுகளில் சிதறியிருக்கும் குழு, எல்லோருக்கும் வசதி என்று உலகப் பொது நேரம் மாலை 4 மணியைத் தேர்ந்தெடுத்தால், கோடையில் நியூயார்க்கில் நண்பகல், பெர்லினில் மாலை 6, சென்னையில் இரவு 9.30. பேச்சு முடிய ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு ஒப்புக்கொண்ட வேலையைத் தொட்டால் படுக்க நள்ளிரவு தாண்டிவிடும். விடிந்ததும் பிள்ளைகளை எழுப்பிக் குளிக்கவைத்துப் பள்ளி வேனில் ஏற்றுவது யார்? பல வீடுகளில் அதற்கான பதில் மனைவி.

மத்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். நடுவில் இருக்கும் மூன்று மணி இருபத்திரண்டு நிமிட வித்தியாசத்துக்குள்தான் பல ஆண்களின் தன்னார்வப் பணி உட்கார்ந்திருக்கிறது. கட்டற்ற மென்பொருளாளர்களிடம் 2017-இல் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றில் பதிலளித்தவர்களில் 95 சதவீதம் ஆண்கள், 3 சதவீதம்தான் பெண்கள். ஆர்வம் இல்லை, சூழல் சரியில்லை என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இரவு 9.30 மணிக்கு அடுக்களையில் நிற்பது யார் என்று பார்த்தாலே பாதிக் காரணம் விளங்கும். திட்டத்தின் நன்றிப் பட்டியலில் இடம்பெற வேண்டிய பெயர்கள் பல வீடுகளுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன.

அலுவலகப் பக்கம் சட்டம் தொடர்பான சிக்கல் ஒன்று உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17ஆம் பிரிவுப்படி, பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் பகுதியாக உருவாக்கப்படும் ஆக்கத்துக்கு, மாறான உடன்பாடு இல்லாதபோது, முதல் உரிமையாளர் வேலை தருபவரே. வீட்டில் சொந்த நேரத்தில் எழுதிய நிரல் இதில் வராது என்று வாதிடலாம். ஆனால் பல ஐ.டி. நிறுவனங்களின் பணி ஒப்பந்தங்கள் இதைவிட அகலமாகவே வலை விரிக்கின்றன. ஆகவே அலுவலக லேப்டாப்பில் தன்னார்வப் பணியைத் தொடாமல் இருப்பதும், எந்தத் திட்டத்துக்கு எழுதுகிறோம் என்பதைச் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்கிவைப்பதும் அவசியம். வாய்மொழி அனுமதி, அதைக் கொடுத்த மேலாளர் வேலை மாறும் நாள் வரைதான் செல்லும்.

வெளியீட்டு நாள்காட்டியும் வீட்டு நாள்காட்டியும் மோதுவதை மொழிபெயர்ப்புத் தன்னார்வலர்கள் நன்கு அறிவார்கள். க்னோம் மேசைச்சூழல் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதிய பதிப்பை வெளியிடுகிறது. அதற்குச் சில வாரங்கள் முன்பு திரைச் சொற்கள் இனி மாறாதபடி உறைய வைக்கப்படும். தமிழாக்கம் செய்பவருக்கு அந்த இடைவெளிதான் கெடு. மார்ச், தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வு மாதம், அலுவலகங்களில் நிதியாண்டு முடியும் மாதம். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு.

இவையெல்லாம் திட்டமிட்டுச் சமாளிக்கக்கூடிய சிரமங்கள். ஆழமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு திட்டம் வெற்றி பெறப் பெற, அதைப் பயன்படுத்துவோர் பல மடங்கு பெருகுகிறார்கள். பராமரிப்பவரின் இரவு மட்டும் அதே நீளத்தில் இருக்கிறது. ‘முடியவில்லை’ என்று சொல்ல இடமில்லாத நிலைக்கு அவர் மெல்ல மெல்ல வந்து சேர்கிறார். திருமணம், குழந்தை, பெற்றோரின் நோய் எதற்கும் விடுப்பு எழுதிக் கொடுக்க மேலதிகாரி என்று ஒருவர் கிடையாது. தன் வீட்டுக்கு மட்டும் தெரிந்த இந்தச் சோர்வு எப்படி உலகத்தின் பாதுகாப்புப் பிரச்சினையாகிறது என்பதை 2014 முதல் நடந்த சம்பவங்கள் காட்டியிருக்கின்றன.

2014 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை, இணையத்தின் பூட்டு என்று சொல்லத்தக்க ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் இருந்தது. வந்த தரவின் நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சோதனை விடுபட்டிருந்தது, அவ்வளவுதான். அந்த நிரல் சேர்க்கப்பட்டது 2011 டிசம்பர் 31 அன்று இரவு, ஊரே புத்தாண்டுக்குக் காத்திருந்த நேரம். எழுதியவர் கண்ணிலும் படவில்லை, சரிபார்த்தவர் கண்ணிலும் படவில்லை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேறு யார் கண்ணிலும் படவில்லை. உலகமே நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு அப்போது ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது.

அதைவிடக் கவலை தருவது 2024-இன் எக்ஸ்இசட் விவகாரம். எக்ஸ்இசட், கோப்புகளைச் சுருக்கும் கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருப்பது. பல ஆண்டுகளாக அதை ஏறத்தாழ ஒற்றை ஆளாகச் சம்பளமின்றிப் பராமரித்தார் ஒருவர். 2021-இன் பிற்பகுதியில் புதிய பெயர் ஒன்று சிறு சிறு திருத்தங்களுடன் வந்து சேர்ந்தது. 2022-இல் வேறு சில பெயர்களிலிருந்து நெருக்கும் மடல்கள் வரத் தொடங்கின. திருத்தங்கள் ஏன் தாமதமாகின்றன, ஆர்வம் போய்விட்டதென்றால் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்கலாமே என்ற தொனி. அந்தப் பராமரிப்பாளர், தன் நலக்குறைவால் வேகம் குறைந்திருப்பதையும், இது ஊதியமில்லாத சொந்தப் பணி என்பதையும் பொதுவெளியில் விளக்க வேண்டியிருந்தது. அந்த மடல்களுக்குப் பின்னால் இருந்ததும் தாக்குதல்காரர்களே என்பதுதான் பின்னாளில் பலரும் வந்தடைந்த முடிவு. உதவிக்கு வந்த அந்தப் புதியவருக்குப் படிப்படியாக அனுமதிகள் கிடைத்தன. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்று புதைக்கப்பட்டது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வாயிலைத் திறக்கும் கதவு அது.

மார்ச் 29 அன்று அது அம்பலமானது. எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஒரு பொறியாளர், விடாமல் நோண்டிப் பார்த்ததால் தெரியவந்தது. கள்ளக் கதவு பெரும்பாலும் லினக்ஸின் சோதனைப் பதிப்புகளோடு நின்றதால் உலகம் தப்பித்தது.

அந்த இரண்டு ஆண்டுத் திட்டத்தில் தாக்குதல்காரர்கள் முதலில் உடைத்தது எந்தக் கணினியையும் அல்ல. களைத்துப்போன ஒரு மனிதரின் குற்ற உணர்வைத்தான் அவர்கள் முதலில் தட்டிப் பார்த்தார்கள். 2018-இலும் இதற்கு ஒரு முன்னோட்டம் நடந்தது. ஈவண்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் ஆர்வம் தீர்ந்துவிட்ட அதன் ஆசிரியர், பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டு வந்த அந்நியரிடம் பொறுப்பைக் கொடுத்தார். பிட்காயின் திருடும் நிரல் அதில் நுழைந்தது. அடுத்த எக்ஸ்இசட் எங்கே, எந்த வீட்டில், யாருடைய தூக்கமில்லாத இரவில் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. யாரும் பெயர் கேட்டிராத நூலகங்கள் ஏராளம். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருவர் இருக்கிறார், அவருக்கு அடுத்து யாரும் இல்லை.

சம்பளம் கொடுத்தால் தீரும் என்று வாதிடுவோர் உண்டு. 2014-க்குப் பிறகு ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு நிதி வந்ததும் முழுநேரப் பணியாளர்கள் சேர்ந்ததும் உண்மை. ஆனால் பணம் செய்திக்கு வந்த திட்டத்தைத்தான் தேடிப் போகிறது. மற்றப் பராமரிப்பாளர்களைக் காப்பது, வேண்டும்போது குறைத்துக்கொள்ளவும் விலகவும் இருக்கும் உரிமைதான்.

அந்த உரிமையை எழுதியே வைத்திருக்கும் திட்டங்கள் உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் திட்டம் 1998-இல் ஏற்ற அரசியலமைப்பு, திட்டத்துக்காக வேலை செய்யும் கட்டாயம் யாருக்கும் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. ஒதுக்கப்பட்ட பணியைக்கூட ஒருவர் செய்ய மறுக்கலாம். அந்த விதிகளுக்கும் அவற்றின்படி முறையாக எடுத்த முடிவுகளுக்கும் எதிராக வேலை செய்யக் கூடாது, அவ்வளவுதான். இதை நடைமுறையாக்கப் படிகளும் உள்ளன. ஒரு மென்பொருள் பொதியைப் பார்த்துக்கொள்ளத் திணறுபவர் முதலில் உதவி கேட்டு அறிவிக்கலாம். அடுத்து, ஏற்றுக்கொள்ள ஆள் தேடலாம். அதுவும் நடக்காவிட்டால் அனாதைப் பொதி என்று அறிவித்து விலகலாம், அதன் பொறுப்பு தர உறுதிக் குழுவின் பெயருக்கு மாறும். நீண்ட காலம் சத்தமில்லாமல் போனவர்களைத் தேடி விசாரிக்க ஒரு குழு இருக்கிறது.

தனி ஆள் திட்டங்களில் இத்தகைய ஏற்பாடு கிடையாது, பராமரிப்பவரே செய்துகொள்ள வேண்டும். 2025 ஜூனில் லிப்எக்ஸ்எம்எல்2 நூலகத்தின் தன்னார்வப் பராமரிப்பாளர், பாதுகாப்பு அறிக்கைகளுக்கு இனித் தனிச் சலுகை இல்லை, மற்ற வழுக்களைப் போலவே நேரம் கிடைக்கும்போது பார்க்கப்படும் என்று அறிவித்தார். ஊதியமில்லாமல் வாரந்தோறும் பல மணி நேரம் அதற்கே போய்க்கொண்டிருந்தது. பொறுப்பின்மை என்று பேசியவர்கள் உண்டு. உண்மையில் பயன்படுத்துவோருக்கு அதைவிட நேர்மையான தகவல் கிடைத்திருக்காது. திட்டத்தின் முதல் பக்கத்தில், வாரத்துக்கு ஒரு மாலை மட்டும், பதில் வர ஒரு மாதம் ஆகலாம் என்று இரண்டு வரி எழுதிவைத்தால் அவசர மடல்களில் பாதி குறையும்; மிச்சத்துக்குப் பதில் எழுதாமலிருக்கவும் மனம் துணியும். பொறுப்பை ஒப்படைக்கும்போது, யார் அதிகம் நெருக்குகிறார்களோ அவரைத் தவிர்த்து, நேரில் தெரிந்தவரையோ வேறு திட்டங்களில் பல ஆண்டு முகம் காட்டியவரையோ தேடுவது பாதுகாப்பு.

வீட்டிலும் ஒப்பந்தம் தேவை. எந்தெந்த இரவுகள் திட்டத்துக்கு என்று துணையோடு பேசி முடிவு செய்வதும், துணைக்கும் அதே அளவு இரவுகளை ஒதுக்கி அன்று அடுக்களையையும் பிள்ளைகளையும் தானே பார்த்துக்கொள்வதும் அதன் அடிப்படை. வெளியீட்டு வாரம் என்றால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். பலரும் கவனிக்காத இன்னொன்று, ஆள் திடீரென்று இல்லாமல் போனால் என்ன செய்வது என்பது. இணையதளப் பெயர் எங்கே பதிவு செய்யப்பட்டது, எப்போது புதுப்பிக்க வேண்டும், வெளியீட்டில் கையொப்பமிடும் சாவி எதில் இருக்கிறது, யாரிடம் தகவல் சொல்ல வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, காப்பீட்டுப் பத்திரம் இருக்கும் அதே உறையில் வைப்பது நல்லது. இரண்டாவது ஆளிடம் வெளியீட்டு அனுமதி இருந்தால் அந்த ஒரு பக்கமே போதும்.

விலகுவது நிரந்தரமாகவும் இருக்க வேண்டியதில்லை. டெபியனில் ஒருவர் ஓய்வுநிலை உறுப்பினராக மாறிக்கொள்ளலாம். கணக்கு முடக்கப்படும், வாக்குரிமை இருக்காது, பொறுப்பும் இருக்காது. பிள்ளைகள் வளர்ந்த பிறகோ வேலைச் சுமை குறைந்த பிறகோ திரும்ப வர விரும்பினால், புதியவருக்கான நீண்ட நடைமுறை முழுவதையும் மறுபடி கடக்காமல் சுருக்கமான வழியில் சேர்ந்துகொள்ளலாம்.