தோளுக்குப் பின்னால் ஒரு திருகு

1997 அக்டோபர் 12 மாலை, கலிபோர்னியாவின் மான்டெரே வானூர்தி நிலையத்திலிருந்து இருவர் அமரத்தக்க சிறு வானூர்தி ஒன்று மேலெழுந்தது. அதில் தனித்துப் பறந்தவர் உலகறிந்த பாடகர் ஜான் டென்வர். 2,700 மணி நேரத்துக்கும் மேலாக வானில் பழகியவர். ஓடுபாதையைத் தொட்டு உடனே மேலெழும் பயிற்சியை மும்முறை முடித்துக் கடலோரமாகச் சென்றார். பசிபிக் குரோவ் கரையில் இருந்தோர் பொறியின் வெடிப்பொலியைக் கேட்டனர். ஏறத்தாழ 500 அடி உயரத்திலிருந்து ஊர்தி வலப்புறம் சாய்ந்து, மூக்குக் குப்புறக் கடலில் வீழ்ந்தது. டென்வர் மாண்டார். அகவை 53.

அவ்வூர்தி லாங்-ஈஸி என்னும் வகையினது. பர்ட் ருட்டான் வகுத்த வடிவம் அது. வரைபடங்களைப் பெற்று, நுரைப்பலகையும் கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு எவரும் தம் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். பொறியும் சுழலியும் பின்புறம் இருக்கும். மூக்கின் அருகே ஒரு சிற்றிறக்கை நீண்டிருக்கும். அச்சிற்றிறக்கையில்தான் ருட்டானின் நுண்மாண் நுழைபுலம் விளங்குகிறது. விரைவு குன்றி மூக்கு மிகையாக நிமிரும்போது, பேரிறக்கைக்கு முன்னரே அது தன் தூக்குவிசையை இழக்கும். உடனே மூக்குத் தானே தாழும், விரைவு மீளும். பேரிறக்கை தன் பிடியை இழக்கும் எல்லைக்கே ஊர்தி செல்லாது. வானோடிகள் பலரின் உயிரைக் குடித்த ஒரு பிழைக்கு வடிவத்திலேயே தடை வைத்த அரிய ஆக்கம் இது.

இருபுற இறக்கைகளும் உடற்பகுதியோடு சேரும் இடத்தில் ஒவ்வோர் எரிபொருள் கலம் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றிலிருந்தே பொறி பருகும். மற்றதற்கு மாற ஒரு திருகைத் திருப்ப வேண்டும். ருட்டானின் வரைபடத்தில் அத்திருகு வானோடியின் இரு கால்களுக்கு இடையே, கண்ணெதிரே, கையெட்டும் தொலைவில் இருந்தது. இவ்வூர்தியைக் கட்டியவர், எரிபொருள் குழாய்கள் இருக்கையறைக்குள் வரலாகாது எனக் கருதி, அதை இடத்தோளுக்குப் பின்னுள்ள சுவரில் பொருத்தினார். தீயை அஞ்சிய அந்த எண்ணத்தில் குற்றம் காண இயலாது. ஆனால் திருகின் எந்நிலை எக்கலத்துக்கு உரியது என்பதற்கு அங்கே குறியேதும் இல்லை. எரிபொருளின் அளவைக் காட்டும் குழாய்களும் பின்புறத்தில், அளவுக்கோடுகள் இன்றி இருந்தன.

டென்வர் அவ்வூர்தியைக் கட்டியவர் அல்லர், விலைக்கு வாங்கியவர். அதில் அவர் பெற்ற அறிமுகப் பயிற்சி முந்தைய நாள் அரைமணி அளவே. புறப்படுமுன் பொறிவினைஞர் ஒருவரும் அவரும் அத்திருகைப் பற்றிப் பேசினர். கைப்பிடியில் குறடு ஒன்றைக் கவ்வவைத்து நீளமாக்கிப் பார்த்தனர், பயன்படவில்லை. பின்னுள்ள அளவுகாட்டியைக் காண ஒரு சிறு கண்ணாடி அவர் கைக்கு வந்தது. வேண்டுமானால் தானியங்கி ஓட்டியிடம் ஊர்தியை ஒப்படைத்துவிட்டுத் திருகைத் திருப்பிக்கொள்வதாகக் கூறிய அவர், எரிபொருள் நிரப்பவும் வேண்டாம் என்றார்.

பின்னர் ஆய்வாளர்கள் அத்தகைய இருக்கையில் அமர்ந்து அச்செயலைச் செய்து பார்த்தனர். திருகை எட்ட வேண்டுமெனில் இடப்புறம் உடலை முழுதும் முறுக்கி, வலக்கையைத் தோளின்மேல் பின்னோக்கி நீட்ட வேண்டும். அவ்வாறு முறுகும் உடல் ஊன்றுகோல் தேடும். வலக்கால் தன்னையறியாமல் சுக்கான் மிதியை அழுத்தும். மிதி அழுந்தினால் ஊர்தி வலப்புறம் திரும்பிச் சாயும். 500 அடி உயரத்தில், பொறி ஓய்ந்த நிலையில், கண்கள் பின்சுவரை நோக்கியிருக்க, அச்சாய்வை உணர்ந்து நிமிர்த்த நேரம் ஏது? மூக்கு நிமிர்வதைத் தடுக்க அமைந்த சிற்றிறக்கை, மிதியால் வந்த சாய்வைத் தடுக்க வல்லதன்று.

அமெரிக்க நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எரிபொருளைச் சரிவரப் பாராமையையும், புதிய ஊர்திக்கேற்ற பயிற்சிக் குறைவையும், திருகின் இடத்தையும், குறிகள் இன்மையையும் நேர்ச்சிக்கான காரணங்களுள் சேர்த்தது. இவற்றுள் திருகின் இடமே என் நெஞ்சை மிகவும் வருத்துகிறது. எரிபொருள் குறைந்த பின்னும், மற்றக் கலத்துக்கு மாற முடிந்திருந்தால் அவர் பிழைத்திருக்கக் கூடும். அமெரிக்கச் சட்டத்தின்படி, பெரும்பகுதியைத் தம் கையால் கட்டும் ஒருவருக்கு மூல வரைபடத்திலிருந்து விலக உரிமை உண்டு. ஊர்தி கைமாறும்போது அவ்விலகல்களும் உடன் செல்கின்றன. வீட்டில் கட்டிய ஊர்திகளுக்குச் சான்று வழங்குமுன், எரிபொருள் திருகுகளிலும் அளவுகாட்டிகளிலும் குறிகள் உள்ளனவா எனச் சோதிக்க வேண்டுமென 1999இல் அவ்வாரியம் நடுவண் வான்போக்குவரத்துத் துறையைக் கேட்டுக்கொண்டது.