பின்தேதியிட்ட சட்டம்

தூத்துக்குடி சிப்காட்டில் தாமிரம் உருக்கிய ஸ்டெர்லைட் நிறுவனம் காங்கிரசுக்கும் பா.ஜ.க.வுக்கும் நன்கொடை தந்தது. ஒளித்து மறைத்து அல்ல, கணக்கில் காட்டித்தான். அப்புறம் என்ன தப்பு?

ஸ்டெர்லைட்டின் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் பிரிட்டனில் பதிவான வேதாந்தா ரிசோர்சஸ் வசம் இருந்தன. அப்படிப்பட்ட நிறுவனம் இந்தியாவில் பதிவாகியிருந்தாலும் அதன் பணம் வெளிநாட்டுப் பணமே. கட்சிகள் அதைத் தொடக் கூடாது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் வந்த சட்டம் அப்படித்தான் சொன்னது.

ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும் முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி இ.ஏ.எஸ். சர்மாவும் வழக்குப் போட்டார்கள். வேதாந்தா தலைவர் அனில் அகர்வால் இந்தியக் குடிமகன்தானே என்ற வாதம் எடுபடவில்லை. இரு கட்சிகளும் சட்டத்தை மீறின என்று 2014 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது.

கட்சிகள் மேல் நடவடிக்கை வரவில்லை. சட்டத்தைத் திருத்தினார்கள். அந்நிய முதலீட்டு வரம்புக்குள் இருக்கும் நிறுவனம் இனி வெளிநாட்டு நிறுவனம் ஆகாது என்று 2016 நிதி மசோதாவில் ஒரு பிரிவு நுழைந்தது. 2010 முதலே செல்லும் என்றது. ஆனால் வழக்கில் சிக்கிய நன்கொடைகள் அதற்கும் முந்தையவை! ஆகவே 2018இல் அந்தத் தேதி 1976 ஆகஸ்ட் 5 ஆனது. 1976 சட்டமோ எப்போதோ ரத்தாகிவிட்டது. ரத்தான சட்டத்துக்கும் திருத்தம். மார்ச் 14 அன்று மக்களவை 2018 நிதி மசோதாவை விவாதமின்றி நிறைவேற்றியபோது, தூத்துக்குடி அருகே குமாரெட்டியாபுரத்தில் மக்கள் ஸ்டெர்லைட்டுக்கு எதிராகப் போராட்டத்தில் இருந்தார்கள். மே மாதம் போராட்டக்காரர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள்.

நலன் முரண் என்பது இதுதான். லஞ்சம் கைமாற வேண்டியதில்லை; விதியை எழுதுகிறவருக்கே அந்த விதியால் ஆதாயம் இருந்தால் போதும். தனி ஆளுக்கு இதில் வழி உண்டு. வேதாந்தா இயக்குநராக இருந்த ப.சிதம்பரம் 2004இல் நிதியமைச்சரானதும் அப்பதவியை விட்டார். இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே வழக்கில் மாட்டினால் எது விலகும்? நாடாளுமன்றத்தில் எதிர்த்துக் குரல் கொடுக்க வேண்டிய கட்சிக்கும் அதே திருத்தத்தால் விடுதலை.

கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, பத்திரம் வாங்கியவர்களின் பட்டியல் வெளியானது. வேதாந்தா சுமார் 400 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது. அந்தத் தீர்ப்பு 1976 தேதியிட்ட திருத்தத்தைத் தொடவில்லை.