ஆமை முட்டையும் நம் கைக்காசும்



சென்ற பள்ளித் தவணையில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, ஆமை முட்டை வித்தா பிடிச்சிக்கிட்டுப் போயிடுவாங்களாமே. கோழி முட்டை வித்தா மட்டும் ஏன் பிடிக்க மாட்டேங்கறாங்க?" வகுப்பு முழுதும் சிரித்தது. நமக்கோ சிரிப்பு வரவில்லை. அவனுக்கு நேரான பதில் சொல்ல அந்த ஒரு பாடவேளை போதவில்லை. இன்றைய பேச்சு அவனுக்குச் சொன்ன பதிலின் மீதி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

நாமும் ஆமை முட்டை தின்றவர்தாம். 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு விடுமுறையில், எங்கள் லயத்துக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்துக் கிழக்குக் கரைக்குப் போனார்கள். திரங்கானு மாநிலத்தில், டுங்குன் பட்டணத்துக்கு வடக்கே உள்ள கடற்கரை ரந்தாவ் அபாங். இரவு பதினொரு மணி இருக்கும். கடலிலிருந்து ஒரு கட்டில் நகர்ந்து வருவதுபோல் ஏதோ கறுப்பாக வந்தது. கால் மணி நேரத்தில் அதைச் சுற்றி நூறு பேர் கூடிவிட்டார்கள். எல்லார் கையிலும் டார்ச் விளக்கு. கரையேறிய ஆமையின் கண்ணிலிருந்து நீர் ஒழுகிற்று. எங்கள் லயத்துப் பாட்டி ஒருவர், "பாவம், பிள்ளைத்தாய்ச்சி வலியிலே அழுவுது" என்றார். கடல் நீரைக் குடித்து வாழும் ஆமை, உடம்பில் மிஞ்சிய உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது, அது அழுகையன்று என்பதை நாம் படித்துத் தெரிந்துகொண்டது பிற்காலத்தில்தான். பாட்டி அழுததென்னவோ உண்மை. ஆனால் அதே வேளையில் எங்கள் பெரியவர் ஒருவர் எட்டு வயதுப் பையனாகிய நம்மைத் தூக்கி அந்த ஆமையின் முதுகில் உட்கார வைத்துப் படம் பிடித்தார். யாரும் தடுக்கவில்லை. மறுநாள் காலை குவாலா திரங்கானு சந்தையில் அப்பா பத்து முட்டை வாங்கினார். அன்று அது சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரம். பிங்பாங் பந்துபோல் உருண்டை, தோல்போல் மெத்தென்ற ஓடு. எவ்வளவு வேக வைத்தாலும் வெள்ளைக்கரு இறுகாது. ஓட்டைக் கிழித்து உறிஞ்ச வேண்டும். நமக்கு அது பிடிக்கவே இல்லை என்பதையும் சொல்லி விடுகிறோம்.

அந்த ஆமைக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் பென்யு பெலிம்பிங். பெலிம்பிங் பழத்தின் வரம்புகள்போல் அதன் முதுகில் நீளவாக்கில் ஏழு வரம்புகள் ஓடும். மற்ற ஆமைகளுக்கு இருப்பதுபோல் கெட்டி ஓடு கிடையாது, தடித்த தோல்தான். ஆமை இனங்களில் இதுவே மிகப் பெரியது. ஐந்நூறு கிலோவுக்கு மேலும் எடை வைக்கும். இதன் உணவு முக்கியமாகக் கடல் சொறி எனப்படும் வழவழப்பான ஜெல்லி மீன். நாம் சாக்கடையில் எறியும் பிளாஸ்டிக் பை ஆற்றோடு போய்க் கடலில் மிதந்தால், அதற்குச் சொறிக்கும் பைக்கும் வேறுபாடு தெரிவதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். 1956-ஆம் ஆண்டில் திரங்கானுக் கரையில் இவ்வகை ஆமைகள் இட்ட கூடுகள் 10,155 என்று பதிவாகியிருக்கிறது. கூடு என்பது மணலில் தோண்டும் குழி. ஓர் ஆமை ஒரு பருவத்தில் பல முறை கரையேறும்; ஆகவே பத்தாயிரம் கூடு என்றால் பத்தாயிரம் ஆமை என்று பொருளல்ல, ஏறத்தாழ இரண்டாயிரம் தாய்கள் என்று கொள்ளலாம். ஒரு கூட்டுக்கு எண்பது முட்டை என்று குறைத்து மதித்தாலும் அந்த ஒரே ஆண்டில் எட்டு இலட்சம் முட்டைகள். 1995-ல் அதே கரையில் பதிவான கூடுகள் எத்தனை தெரியுமா? முப்பத்தேழு. இன்று ரந்தாவ் அபாங்கில் அந்த ஆமை வருவது ஏறக்குறைய நின்றே போய்விட்டது.

எப்படி நேர்ந்தது இது? முட்டையை எடுத்தார்கள், ஆமை அழிந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் முட்டையைப் பல தலைமுறைகளாக எடுத்தும், அத்தனை காலமும் ஆமை குறையவில்லையே, இது எப்படி என்று அந்நாளில் கேட்டவர்கள் உண்டு. இதற்கு விடை நம் தோட்டத்திலேயே இருக்கிறது.

ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மறுநடவே செய்யவில்லை என்று வைத்துக் கொள்வோம். முதல் ஆண்டு ஒன்றும் தெரியாது. ஐந்தாம் ஆண்டும் தெரியாது. காலையில் பிரட்டுக்கு ஆள் வரும், மரம் பால் தரும், ஸ்டோரில் நிறுவை சரியாக இருக்கும். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் தோட்டம் செழிப்பாக இருப்பதாகவே படும். இருபத்தைந்து, முப்பது ஆண்டு கழித்து மரங்கள் எல்லாம் ஒருசேரக் கிழடு தட்டும்போது, வெட்ட மரம் இராது. அன்று கன்று நட்டாலும் பால் வர ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். கடலாமை வயதுக்கு வரப் பல ஆண்டுகள் பிடிக்கும். வந்தபின் பல ஆண்டுகள் முட்டையிடும். ஆகவே முட்டைகளை ஒன்றுவிடாமல் எடுத்தாலும், பழைய தாய்கள் ஆண்டாண்டுக்கும் வந்துகொண்டே இருக்கும். அவற்றின் இடத்துக்கு வரப் புதிய தாய்கள் இல்லை என்பது மட்டும் யார் கண்ணிலும் படாது. பட்டபோது காலம் கடந்திருந்தது.

முயற்சியே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1961-ல் ரந்தாவ் அபாங்கில் முட்டைகளைப் புதைத்துப் பொரிக்க வைக்கும் பொரிப்பகம் தொடங்கப்பட்டது. முட்டைகளின் ஒரு பங்கை விலைக்கு வாங்கி அங்கே புதைத்தார்கள். ஆனால் அந்நாளில் எவரும் அறியாத ஒன்று இருந்தது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். நிழலில்லாத பொரிப்பகத்து மணலில் பிறந்தவை ஏறக்குறைய எல்லாமே பெண் குஞ்சுகள் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. நல்ல மனத்தோடு செய்த வேலையிலும் இப்படி ஒரு ஓட்டை. போதாக்குறைக்குக் கடலில் இழுவலைகளும், மைல் கணக்கில் நீண்ட மிதவை வலைகளும் பெரிய ஆமைகளையே மூழ்கடித்தன. பெருங்கடலில் அந்த நீண்ட மிதவை வலைகளை 1992 இறுதியோடு நிறுத்த வேண்டும் என்று ஐக்கிய நாட்டு சபை தீர்மானம் செய்தது.

சட்டம் என்ன செய்தது? இங்கேதான் நம் மாணவனின் கேள்விக்கு விடை தொடங்குகிறது. நம் நாட்டு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில், கூட்டரசு எதைக் கவனிக்க வேண்டும், மாநிலம் எதைக் கவனிக்க வேண்டும் என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். மாநிலத்தின் பங்கில் நிலம், காடு இவற்றோடு ஆமையும் ஆற்று மீன்பிடிப்பும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. ஆமைக்கென்று அரசியலமைப்பிலேயே ஓர் இடம்! வேடிக்கைதான். ஆனால் இதன் விளைவு வேடிக்கையானதன்று. மாநிலத்துக்கு மாநிலம் ஆமைச் சட்டம் வேறாயிற்று. சபாவிலும் சரவாக்கிலும் எல்லா ஆமை முட்டைக்கும் தடை வந்தது. திரங்கானுவில் 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கரையைப் பகுதி பகுதியாகக் குத்தகைக்கு விட்டு, முட்டை பொறுக்க உரிமம் கொடுத்து வந்தார்கள். 1980-களின் இறுதியில் பெலிம்பிங் ஆமை முட்டைக்கு மட்டும் விற்பனைத் தடை வந்தது. மற்ற ஆமைகளின் முட்டை சந்தையில் கிடைத்துக் கொண்டேதான் இருந்தது. எந்த முட்டை எந்த ஆமையுடையது என்று வாங்குபவர் எப்படிப் பிரித்தறிவார்? ஒரு மாநிலத்தில் தடை, பக்கத்து மாநிலத்தில் இல்லை என்றால் பொருள் எந்தப் பக்கம் நகரும் என்பதையும் நாம் சொல்லத் தேவையில்லை. திரங்கானு சட்டமன்றம் 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. 2022 ஜூன் 1 முதல் எல்லாக் கடலாமை முட்டைகளின் விற்பனைக்கும் அங்கே தடை நடப்புக்கு வந்தது. ஒரு வகை முட்டைக்குத் தடை போட்டு, மற்றவற்றுக்கும் போட முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

ஏன் இவ்வளவு தாமதம்? முட்டை பொறுக்கிப் பிழைத்தவர்கள் பணக்காரர்களல்லர். பருவமழைக் காலத்தில் கடலுக்குப் போக முடியாத மீனவக் குடும்பங்கள் அவர்களுள் உண்டு. மழைநாளில் வெட்டுக்குப் போக முடியாமல் சம்பளம் குறைந்த வீட்டில் வளர்ந்த நாம், அவர்களைக் குற்றவாளி என்று சுட்டிப் பேச மாட்டோம். பிழைப்பைப் பறிக்கும் சட்டத்தைக் கொண்டுவர எந்த அரசியல்வாதியும் தயங்குவார். வாங்குகிறவர்கள் வாங்கிக் கொண்டே இருந்ததால் அந்தத் தயக்கத்துக்குக் காரணமும் நீடித்தது. முட்டை ஆண்மை தரும், வலு தரும் என்ற பேச்சுதான் விலையை ஏற்றியது. அதற்கு மருத்துவ ஆதாரம் ஏதுமில்லை. நம்மிடையேயும் இழைப்புக்கு வௌவால் கறி, மூட்டு வலிக்கு உடும்புக் கொழுப்பு என்று இன்னும் தேடுகிறவர்கள் இருக்கிறார்களே!

வாங்குகிறவர் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு இறால் வழக்கு ஒரு சான்று. இறால் பிடிக்கும் இழுவலையில் ஆமை அகப்பட்டால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் இறந்துவிடும். வலையின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டத்தைச் சாய்வாகப் பொருத்துவார்கள். இறால் கம்பிகளின் இடையே நுழைந்து உள்ளே போய்விடும். ஆமை கம்பியில் மோதி, பக்கத்திலுள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். நம் தாய்மார்கள் அரிசி சலிப்பது போலத்தான். பெரியது வெளியே, சிறியது உள்ளே. இக்கருவி இல்லாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா 1989-ல் சட்டம் செய்தது. அதை எதிர்த்து இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகியவற்றோடு நம் மலேசியாவும் 1996-ல் உலக வணிக நிறுவனத்தில் முறையிட்டது. ஆமையைக் காக்க நினைப்பது சரி, ஆனால் நாடுகளைச் சமமாக நடத்தவில்லை என்று 1998-ல் தீர்ப்பாயிற்று. அமெரிக்கா தன் முறையைத் திருத்திக் கொண்டது. அதுவும் சரியில்லை என்று மலேசியா மீண்டும் வாதாடி 2001-ல் தோற்றது. பணக்கார நாடு ஏழை நாட்டு மீனவனுக்கு நிபந்தனை போடுவதா என்ற கோபம் அன்று நியாயமானதே. ஆயினும் பின்னாளில் நம் நாட்டு இழுவலைப் படகுகளிலும் இக்கருவி அறிமுகமாயிற்று. விற்க வேண்டும் என்றால் வாங்குகிறவர் சொல்லைக் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

கடல் நமக்குத் தூரம் என்று சிலர் நினைக்கலாம். காடு தூரமில்லை. செம்பனைக் காட்டு ஓரத்தில், பன்றிக்கென்று நம் இளைஞர்கள் மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியில் வைக்கும் சுருக்கு, பன்றியை மட்டும் பார்த்துப் பிடிப்பதில்லை. புலியின் காலும் அதில் சிக்கும், தெனுக்கின் காலும் சிக்கும். மலாயாப் புலிகள் நாட்டில் 150-க்கும் குறைவு என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. சுருக்கு வைப்பது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தம்பிமார்களுக்குத் தாய்மார்கள்தாம் சொல்ல வேண்டும். வாத்தியார் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

தேர்தல் வந்தால் நம் லயத்துக்கு வேட்பாளர்கள் வருவார்கள். சாலை, கோயில் மானியம், குழாய்த் தண்ணீர், வீடு என்று கேட்கிறோம், கேட்க வேண்டியவைதாம். காடும் ஆமையும் மாநிலத்தின் கையில் என்பதால், இவற்றைப் பற்றிக் கேட்க வேண்டியது சட்டமன்றத்துக்கு நிற்பவரிடம். நாடாளுமன்றத்துக்கு நிற்பவரிடம் கேட்டால் "அது மாநிலத்து விஷயம்" என்று நழுவுவார், அது பொய்யுமல்ல. சென்ற தேர்தலில் எங்கள் தோட்டத்தில், ஆற்றோரக் காட்டை யாருக்கும் வெட்டக் கொடுக்காமல் இருப்பீர்களா என்று ஒரு செம்பனைத் தொழிலாளி கேட்டார். வேட்பாளர் சற்று நேரம் பேசவில்லை. உடன் வந்தவர்கள் குறிப்பேட்டில் எதையோ எழுதிக் கொண்டார்கள்.

ரெடாங் தீவில் சாகார் ஹுத்தாங் என்ற கரையில் திரங்கானுப் பல்கலைக்கழகத்தார் 1993 முதல் பச்சை ஆமைகளைக் காத்து வருகிறார்கள். முட்டைகளை அங்கே சந்தைக்கு விடுவதில்லை, மணலிலேயே விட்டுக் காவல் காக்கிறார்கள். நம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதைச் சொல்லி, ஒரு கணக்கும் கொடுத்தோம். பச்சை ஆமை தாயாக இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். 2022-ல் தடை வந்த அன்று மணலில் கிடந்த ஒரு முட்டை பொரிந்து, தப்பிப் பிழைத்து, முதன்முறையாகக் கரையேறி வரும் ஆண்டு எது? பிள்ளைகள் 2042-க்குப் பிறகு என்று எழுதினார்கள். கேள்வி கேட்ட அந்த நான்காம் ஆண்டுப் பையனுக்கும் இதே கணக்கைக் கொடுத்தோம். விடையின் கீழே, அப்போது தனக்கு என்ன வயதிருக்கும் என்பதையும் அவனாகவே கணக்குப் போட்டு எழுதியிருந்தான்.